கறையான் அரிக்காத பக்கம்

சென்னை,
1928 ஜனவரி 9

மரியாதைக்குரிய சுயம்புலிங்கம் அண்ணாச்சி அவர்களுக்கு,

யார் இந்த ஞானசிங் என்று யோசிப்பீர்கள். மார்த்தாண்டம் சத்தியராஜ் உபதேசியாருடைய மகன். என் பாட்டா ஏசுஅடிமை, உங்கள் பாட்டாவுக்கு நேர் இளையவர். அவர் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து ஊரைவிட்டுப் போனதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அற்றுப்போயிற்று. அதன்பின் முதலில் எழுதுகிறவன் நான்தான் என்று நினைக்கிறேன். அதையும் ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே மிஷனுக்குச் சொந்தமான ஒரு சிறிய மியூசியத்தில் உதவியாளனாக இருக்கிறேன். அறுபது வருஷமாகப் பாதிரிமார் நம் பக்கத்திலிருந்து சேர்த்தனுப்பிய சாமான்கள் மூன்று அறை நிறையக் கிடக்கின்றன. பாதிக்குமேல் 'பேயாட்டக்காரன் சாமான்' என்று ஒரே சீட்டு ஒட்டியிருக்கிறது. புதிதாக வந்திருக்கும் துரை நல்ல மனுஷர். புத்தகத்தைப் புரட்டாதே, அதைப் புழங்கினவர்களைக் கேட்டு எழுது என்கிறார். மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள்.

ஒரு மணிக்கச்சையின் போட்டோ படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தோல் வாரில் இருபத்தொரு வெண்கல மணிகள். உங்கள் ஊர்ப் பக்கத்தது என்று மட்டும் தெரிகிறது. யார் கட்டுவது, எப்போது கட்டுவது, கட்டாத நாளில் எங்கே வைப்பது என்று நாற்பது கேள்விகள் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். நீங்கள் பள்ளிக்கூட வாத்தியார், மாடன் கோயில் காரியங்களையும் பார்க்கிறவர் என்று கேள்விப்பட்டேன். தெரிந்ததை எழுதினால் பெரிய உபகாரம்.

அன்புள்ள தம்பி,
ஞானசிங்

*

ஆரல்வாய்மொழி,
1928 ஜனவரி 31, தை 18

தம்பி ஞானசிங்குக்கு,

இங்கே காற்று ஒன்றுதான் சுகமில்லாமல் ஆடுகிறது, மற்றவர்கள் சுகம். என் கல்யாணத்துக்கு வரவில்லை, எங்கள் அய்யா செத்ததற்கு வரவில்லை, மணியைப் பற்றிக் கேட்கக் கடிதம் வருகிறது. பட்டணத்துச் சனங்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்பார்களாமே. செத்தால்தான் உங்கள் ஆட்கள் எங்களைத் தேடுவீர்கள் போலிருக்கிறது. போகட்டும், எழுத்தில் மரியாதை இருந்தது. அதனால் பதில் எழுத உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவன் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன். தம்பி, அது எங்கள் மாடன் கச்சை. நம்முடைய கச்சை என்று எழுத வேண்டும். நம் இரண்டு பாட்டாமாருக்கும் அப்பன் ஆடின கச்சை.

விவரம் கேளும். மாடன் இறங்கி ஆடுகிறவரைக் கோமரத்தாடி என்போம். வருஷத்துக்கொருதரம், சித்திரைக் கொடைத் திருவிழாவன்றைக்கு மட்டும், அவர் இதைக் கட்டுவார். ஆடின கோமரத்தாடி இறந்தால் ஒரு மணியின் நாக்கைக் கழற்றிவிடுவோம். அந்த மணி பிறகு பேசாது. கழற்றிய நாக்கை அவர் வீட்டு வாசல் நிலையில், வலதுகைப் பக்கம், அடித்துவைப்போம். நம் வம்சத்தில் மூன்று பேர் ஆடிச் செத்திருக்கிறார்கள். ஆகவே மூன்று மணிக்கு நாக்கு இருக்காது. எண்ணிப் பார்த்து எழுதும். மூன்றென்றால் சந்தேகமே இல்லை.

கடைசியாக ஆடினவர் உம்முடைய பாட்டா. அப்போது அவர் பெயர் முத்துமாடன். 1874 கொடை முடிந்ததும் கச்சையை அவிழ்த்துச் சிவப்புப் பட்டில் சுற்றிவந்து, அந்தப் பொதியை எல்லார் கண்முன்னாலும் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியை வைத்துக் காக்கிற உரிமை கிருஷ்ணமணி வீட்டாருக்கு. அடுத்த ஆவணியில் உம் பாட்டா வேதத்தில் சேர்ந்து போய்விட்டார். மறுவருஷம் கொடைக்குப் பெட்டியைத் திறந்தால் பட்டுக்குள் காளைமாட்டு மணிகள், கச்சையின் கனத்துக்குச் சரியாக.

கிருஷ்ணமணியின் அய்யா வண்டிமாடு வைத்திருந்தவர். வேறென்ன சாட்சி வேண்டும்? அன்றைக்குப் பெட்டியைத் தலையில் சுமந்துவந்தவன் பதினேழு வயதுக் கிருஷ்ணமணி. அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு மஞ்சணை கிடையாது. மாடனுக்குச் சாத்தின மஞ்சளை எடுத்து வீட்டுக்கு வீடு நெற்றியில் பூசுவோமே, அதுதான். அது இல்லாத வீட்டில் இங்கே பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள். ஐம்பத்துமூன்று வருஷம் ஆகிறது.

உம் பாட்டாவைச் சந்தேகப்பட ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாடன் இறங்கின உடம்பு களவு செய்யாது, அவன் கும்பிடாமல் போகலாம், ஆனால் எடுக்கமாட்டான் என்று எங்கள் பாட்டா தம்பிக்காகச் சத்தியம் பண்ணினாராம்.

உம்முடைய நாற்பது கேள்விக்கும் பதில் எழுதுகிறேன். எனக்கு ஒரு கேள்விதான். இதை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது யார்?

சுயம்புலிங்கம்

*

சென்னை,
1928 பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தைத் துரைக்கு மொழிபெயர்த்து வாசித்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கேட்டார். அறுபது வருஷத்தில் இந்த மூன்று அறைக்குள் வந்த முதல் உண்மையான செய்தி என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கொடுத்தவர் பெயர் கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்துப் பதிவேடு ஒன்று உண்டு. ஆனால் நமக்கு வேண்டிய பக்கத்தைக் கறையான் அரித்துவிட்டது. வருஷமும் மாதமும் மட்டும் தெரிகிறது. கச்சையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துணியில் வைத்துத் தைத்திருப்பதால் நாக்கில்லாத மணிகளையும் சரியாக எண்ண முடியவில்லை. பார்க்கிறேன்.

இருபத்திரண்டாம் கேள்வி முதல் முப்பத்தொன்று வரை ஊரில் வயதானவர்களைக் கேட்டு எழுதினால் நன்றாயிருக்கும் என்று துரை சொல்கிறார். படத்தை அவர்களிடம் காட்டலாம்.

மார்த்தாண்டத்தில் அப்பாவுக்கு நெஞ்சுவலி அதிகம். உங்கள் கடிதம் வந்ததை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.

ஞானசிங்

*

ஆரல்வாய்மொழி,
1928 மே 15, வைகாசி 2

தம்பி ஞானசிங்குக்கு,

இனி நீர், உமக்கு என்று எழுதப்போவதில்லை. என் தம்பிதான் நீ. பதில்கள் தனியே இருக்கின்றன. படத்தைக் கொண்டுபோய் ஏழு கிழவர்களிடம் காட்டினேன். சாகக் கிடந்தவர்கூட எழுந்து உட்கார்ந்து சொன்னார். உன் துரை சந்தோஷப்படுவார்.

இங்கே சந்தோஷம் இல்லை. நான் ஒரு மடத்தனம் செய்துவிட்டேன். அந்தப் படத்தைக் காட்டினால் கச்சை கிடைத்துவிட்டது என்று ஊர் குளிரும் என்று நினைத்தேன். ஊர் வேறுவிதமாகப் படித்துக்கொண்டது. "பாத்தியா, மாட்டுமணிய வச்சுட்டு வெள்ளக்காரனுக்கு வித்திருக்கான்" என்று ஒருவன் சொன்னான், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். இதுவரை சந்தேகம் என்ற ஒரு இடுக்கு இருந்தது. உன் போட்டோ அதையும் அடைத்துவிட்டது.

கிருஷ்ணமணி வருஷாவருஷம் கொடைக்கு வருவார். கோயில் கயிற்றுக்கு வெளியே ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு, மஞ்சணை பூசத் தொடங்கும்போது போய்விடுவார். எழுபது வயது மனுஷன். இந்த வருஷம் அங்கே நிற்கவும் விடவில்லை. என் தம்பிமார்தான் கையைப் பிடித்து அனுப்பினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வாசற்படிக்குக் கீழேயே நின்றுகொண்டார்.

"வாத்தியாரே, அந்தப் படத்த ஒருக்கா காட்டும்" என்றார்.

கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இதுக்காவத்தான் எங்கய்யா சோறு தண்ணி விட்டு செத்தாரு. நான் இன்னைக்குத்தான் இத நல்லா பாக்கேன். அன்னைக்கு மூடுன பெட்டியத்தானே சொமந்தேன்" என்றார். பிறகு, "தொரமாரு எழுதாம ஒண்ணும் வாங்கமாட்டாவ. குடுத்தவன் பேரு அங்க இருக்கும். ஒம்ம தம்பிட்ட இன்னொருக்கா கேளும் மக்கா. எங்கய்யா பேரா இருந்தாலும் சரி, தெரிஞ்சிட்டுச் சாவேன்" என்றார்.

அவர் மகள் ரத்தினத்தின் பெண்ணுக்கு நாகர்கோவிலில் ஒரு இடம் பேசியிருந்தார்கள். வெளியூர், பழங்கதை தெரியாது என்று நம்பியிருந்தார்கள். போட்டோ விவகாரம் காதில் விழுந்ததும் அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள்.

கறையான் தின்ற பக்கத்தின் ஓரத்தில் ஓர் எழுத்தாவது மிச்சமிருக்கும். வெயிலில் பிடித்துப் பார். பெயர் தெரிந்தால் அடுத்த கொடையில் ஊர்முன் நின்று நானே அவர் நெற்றியில் மஞ்சணை பூசுவேன். இதை உன்னிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

உன் அண்ணன்,
சுயம்புலிங்கம்

*

சென்னை,
1928 ஜூன் 11

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. மிகவும் வருத்தப்பட்டேன்.

கச்சைக்குப் புதுச் சீட்டு அச்சாகிவிட்டது. 'பேயாட்டக்காரன்' என்ற வார்த்தையை எடுத்துவிட்டோம். கீழே 'விவரம் தந்தவர்: ஆரல்வாய்மொழி சுயம்புலிங்கம் வாத்தியார்' என்று போட்டிருக்கிறது. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். துரை இதைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினார். உங்களுக்குத் தன் வந்தனத்தைச் சொல்லச் சொன்னார்.

மற்ற காரியத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்பாவுக்கு உடம்பு தேறவில்லை.

ஞானசிங்

*

ஆரல்வாய்மொழி,
1928 செப்டம்பர் 5, ஆவணி 21

மகாகனம் பொருந்திய மியூசியம் உதவியாளர் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய அச்சுச் சீட்டு கிடைத்தது. அதிலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தாங்கள் கேட்டது நாற்பது கேள்வி. நாற்பதுக்கும் பதில் வந்து சேர்ந்தது. நான் கேட்டது ஒன்று. இரண்டு மணியைக் கொடுத்தால் இரண்டு மணிக்கு ரசீது தருகிற ஊரில் தாங்கள் உத்தியோகம் பார்க்கிறீர்கள். கேட்டு வாங்கினதற்குப் பதிலாக ஒரு பெயரைத் தர அங்கே வழியில்லை போலும்.

கிருஷ்ணமணிக்கு ஆடியில் வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தபால்காரர் தெருவில் போகும்போதெல்லாம், பட்டணத்துக் கடிதமா என்று மகளை விட்டுக் கேட்கிறார்.

இப்படிக்கு,
சுயம்புலிங்கம்

*

மார்த்தாண்டம்,
1929 ஜனவரி 22

அண்ணாச்சி,

கறையான் எதையும் அரிக்கவில்லை. அந்தப் பக்கம் முழுசாக இருக்கிறது. போன வருஷம் ஜனவரியில், உங்களுக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்பே, அதைப் பிரதி எடுத்துவிட்டேன். ஒரு வருஷமாக அது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. தமிழில் எழுதுகிறேன்:

'மணிக்கச்சை ஒன்று. இருபத்தொரு மணி. முன்னாள் பேயாட்டக்காரர், இப்போது ஏசுஅடிமை எனப் பெயருடையவர், ஞானஸ்நானத்தன்று தாமே கொண்டுவந்து கொடுத்தது. 1874 ஆகஸ்ட். தம் பெயரைத் தம் ஊரில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்.'

அந்தப் பெயரைப் பார்த்துத்தான் உங்கள் ஊருக்கே எழுதினேன். பாட்டா விட்டுவந்த சாமான், ஊரில் யாரும் தேடியிருக்கமாட்டார்கள், விவரம் மட்டும் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் எழுதிய பதிலில் கிருஷ்ணமணி வந்தார்.

ஏன் மறைத்தேன் என்று சொல்கிறேன், நியாயம் என்று அல்ல. பாட்டா ஒவ்வொரு சாட்சிக் கூட்டத்திலும், "வெறுங்கையோடு வந்தேன்" என்றுதான் ஆரம்பிப்பாராம். அவர் கல்லறையில் அப்பா அதையே வெட்டிவைத்திருக்கிறார். அப்பா ஆயுசு முழுதும் உபதேசம் பண்ணியது அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான். நெஞ்சுவலிக்காரரிடம் போய் உங்கள் அப்பா வெறுங்கையோடு வரவில்லை என்று சொல்ல எனக்கு முடியவில்லை. சொல்லவேண்டாம் என்று பாட்டாவே கேட்டிருக்கிறாரே என்று பதிவேட்டின் கடைசி வரிக்குப் பின்னாலும் ஒளிந்துகொண்டேன். அப்பா காலம் முடியட்டும் என்று காத்திருந்தேன். ஒரு கிழவர் சாகக் காத்திருந்தால் இன்னொரு கிழவரும் காத்திருப்பார் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை.

அப்பா டிசம்பர் இருபதாம் தேதி கர்த்தருக்குள் போய்விட்டார். நாற்பதாம் நாள் ஜெபத்துக்காக வீட்டைச் சுத்தம் பண்ணினோம். நேற்று வாசல் நிலையின் பழைய பெயிண்டைச் சுரண்டச் சொன்னேன். வலதுகைப் பக்கம், தலைக்குச் சற்று மேலே, பெயிண்டுக்கு அடியில் ஒரு வெண்கலத் துண்டு தட்டுப்பட்டது. சுண்டுவிரல் நகத்தளவு, நுனி உருண்டு இருந்தது. என் மனைவி ஞானபாய் ஆணி என்று நினைத்துப் பிடுங்கப் போனாள். நான் பதறித் தடுத்தேன்.

கச்சையில் நாக்கில்லாத மணி மூன்று அல்ல, அண்ணாச்சி. நான்கு. போன வருஷமே எண்ணிவிட்டேன். நான்காவது எங்கே என்று நேற்றுத்தான் தெரிந்தது. கோமரத்தாடி செத்துவிட்டான் என்று பாட்டாவே தன் கையால் கழற்றியிருக்கிறார். சாகும்வரை அதற்குக் கீழே நடந்துதான் வேதக்கோயிலுக்குப் போய்வந்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தை ஊரில் எல்லாருக்கும் வாசியுங்கள். கிருஷ்ணமணியிடம் முதலில் வாசியுங்கள். இங்கிருந்து உங்கள் ஊர் முப்பது மைல்தான். நேரில் வரத் தைரியம் இல்லாமல்தான் தபாலில் போடுகிறேன்.

ஞானசிங்

*

ஆரல்வாய்மொழி,
1929 பிப்ரவரி 12, மாசி 1

தம்பி ஞானசிங்குக்கு,

உன் அப்பா, என் சித்தப்பா, காலமானதற்குத் துக்கம் சொல்லிக்கொள்கிறேன். பார்த்ததே இல்லை. ஆனாலும் செய்தி வந்த அன்றைக்கு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கிருஷ்ணமணி அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார். ஐந்து நாள், தம்பி. ஒரு வருஷத்தில் ஐந்து நாள்.

கடிதத்தை மாடன் கோயில் முற்றத்தில் ஆட்களைக் கூட்டி வாசித்தேன். என் தம்பிமார் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார்கள். பிறகு கொடை இல்லாத நாளிலும் மாடனுக்கு மஞ்சள் சாத்தி, எடுத்துக்கொண்டு நானே அந்த வீட்டுக்குப் போனேன். ஐம்பத்துநாலு வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து அந்த வாசலுக்குப் போன முதல் ஆள் நான். ரத்தினம் வெளியே வந்தாள். உன் கடிதத்தை அவளுக்கும் வாசித்தேன். கடைசிவரை நின்று கேட்டாள்.

"நல்லது வாத்தியாரே. வாசிச்சதுக்கு நல்லது. அத மட்டும் கொண்டுபோயிரும். எங்கப்பாவுக்குக் கெடைக்காதது எங்களுக்கு என்னத்துக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மஞ்சணைத் தட்டோடு தெருவில் திரும்பி நடந்தேன்.

உன்னைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. நீ மறைத்தது ஒரு வருஷம். தம்பி எடுத்திருக்கமாட்டான் என்று சத்தியம் பண்ணி அடுத்த வீட்டுக்காரன் தலையில் அதை இறக்கியவர் எங்கள் பாட்டா. அந்தச் சத்தியத்தை ஒரு நாளும் சோதித்துப் பார்க்காமல் சுமந்துவந்தவர்கள் நாங்கள். உன் பாட்டாவுக்கும் செய்தி எட்டாமல் இருந்திருக்காது. மார்த்தாண்டம் சந்தைக்கு இங்கிருந்து வாரம் தவறாமல் ஆள் போகிறது.

இரண்டு காரியம் கேட்கிறேன். உன் துரையின் நாற்பது கேள்விக்குக் கீழே நாற்பத்தொன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள். இந்தச் சாமான் இல்லாமல் போனதால் யாருக்கு என்ன ஆயிற்று? இதற்குப் பதில் கிருஷ்ணமணியும் அவர் அய்யாவும். விவரம் தந்தவர் என்று என் பெயரை அதற்குக் கீழே போடலாம்.

இரண்டாவது, ஐந்தாவது மணியின் நாக்கைக் கழற்றிவிடு. கிருஷ்ணமணி ஆடினவர் இல்லை. முறைப்படி அவருக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஒரு இரவு கட்டி ஆடி மறுநாள் அவிழ்த்துவைத்தவர்கள்தான் மற்ற எல்லாரும். அதை அவிழ்க்காமல் ஐம்பத்துநாலு வருஷம் கட்டிக்கொண்டு நடந்தவர் அவர் ஒருவர்தான்.

சுயம்புலிங்கம்

*

சென்னை,
1929 மார்ச் 4

அண்ணாச்சி,

துரையிடம் கேட்டேன். நாற்பத்தொன்றாம் கேள்வியை உடனே தன் கையாலேயே எழுதிக்கொண்டார். மணியைத் தொடச் சம்மதிக்கவில்லை. காட்சிக்கு வந்த பொருளில் கைவைப்பது உத்தியோகத்துக்கு அடாத காரியம் என்றார். அவர் சொன்னது சரிதான்.

சனிக்கிழமை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, தையலைப் பிரித்து ஐந்தாவது மணியின் நாக்கைக் கழற்றினேன். கழற்றுவதற்கு முன் ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன். நல்ல சத்தம். பதிவேட்டில் அதே பக்கத்தில், பாட்டா பெயருக்குக் கீழே, இன்ன நாளில் இன்னார் நிமித்தம் நான் கழற்றினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். துரை இன்று காலை பார்த்தார். இந்த மாதக் கடைசியோடு என்னை நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். சீட்டிலும் பதிவேட்டிலும் எழுதியது அப்படியே இருக்கும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஏப்ரலில் ஊருக்கு வருகிறேன். இந்த முறை தபாலில் இல்லை. நாக்கை நானே கொண்டுவருகிறேன். என்னோடு ரத்தினம் அக்காள் வாசல்வரை வாருங்கள். அவர்கள் வீட்டு நிலையில் அடிக்கச் சம்மதித்தால் அடிப்போம். வேண்டாம் என்றால் வற்புறுத்தவேண்டாம். மார்த்தாண்டத்தில் எங்கள் நிலையில் பாட்டாவுடையதற்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. போகும்போதும் வரும்போதும் நானும் என் பிள்ளைகளும் அதற்குக் கீழே நடந்துகொள்கிறோம்.

ஞானசிங்